வெயிலும் ட்ரெயினும்: அம்மாவின் நெட்டைப் பிரித்துத் தைத்த கதை

கல்யாணப் பெண் தலையிலிருந்து பின்னால் தொங்கவிடும் மெல்லிய வலைத் துணிக்கு இங்கிலீஷில் 'வெயில்' (veil) என்று பெயர், எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நல்லவேளை. கல்யாண வெயில் என்று எழுதினால் பங்குனியில் பந்தலுக்கடியில் நின்று வேர்த்ததுதான் நினைவுக்கு வரும். நாகர்கோவில் சுற்றுவட்டாரக் கிறிஸ்தவக் கல்யாண வீடுகளில் அதன் பெயர் நெட்டு. "பொண்ணுக்கு நெட்டு வச்சாச்சா?" என்று கேட்டால்தான் பெண் கோயிலுக்குப் புறப்படத் தயார் என்று அர்த்தம். ட்ரெயினுக்கு மட்டும் அப்படி ஓர் உள்ளூர்ப் பெயர் இன்னும் ஒட்டவில்லை. அக்கா மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து, "சித்தி, எனக்கு ட்ரெயின் வேணும்" என்றபோது டிக்கெட் எடுத்துத் தரச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அவள் கேட்டது முதுகுக்குப் பின்னால் தரையில் இழுபட்டு வரும் துணி. மயிலுக்கு இருப்பது அதுதானே, தோகை என்றே வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் முதல் வாரம் கல்யாணம். போன் வந்தது ஜூலை ஆரம்பத்தில். அவளுக்கு இரண்டு விருப்பம். ஒன்று, அம்மாச்சியின் நெட்டைத்தான் வைப்பேன். இரண்டு, அது குட்டையாக இருக்கிறது, நீளமாக வேண்டும், தோகையும் வேண்டும். அம்மாச்சி என்று அவள் சொல்வது என் அம்மாவை. அம்மாவின் கல்யாணம் 1966இல். நெட்டு அன்றிலிருந்து ட்ரங்குப் பெட்டிக்குள்.

நான் முப்பது வருடமாகத் தையல்காரி. ஜாக்கெட், கவுன், குழந்தைகளின் முதல் நன்மை (முதல் திருவிருந்து) உடுப்பு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். பழைய நெட்டைக் கையில் எடுத்தது இதுதான் முதல் தடவை. அதனால் நிறையத் தப்பு செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை. உள்ளே பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி எட்டாக மடித்திருந்தது. பிரித்துப் பாயில் விரித்தேன். நீளம் 2.2 மீட்டர், அகலம் 1.3 மீட்டர். தலைப்பக்கம் தவிர மூன்று ஓரத்திலும் சுமார் மூன்று அங்குல அகலத்தில் கையால் பின்னிய லேஸ், மொத்தம் 5.7 மீட்டர். நிறம் கட்டன் சாயா. மடிப்பு விழுந்த கோடெல்லாம் கிழிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் கம்பி மாதிரி தெரிந்தது. கிரீடத்தோடு சேர்த்துக் குத்திய குண்டூசிகளை யாரும் எடுக்கவே இல்லை. அதைச் சுற்றித் துரு. நடுவில் ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகள், சில இரண்டு ரூபாய்க் காசு அளவில்.

பூச்சி பருத்தியைத் தேடி வருவதைவிடக் கஞ்சியைத் தேடி வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூலை நறுக்கி, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. அம்மாவிடம் கேட்டேன்.

"கஞ்சி போட்டுதான் வச்சேன் மக்களே. கஞ்சி இல்லாம நெட்டு நிக்குமா?"

நின்றது, பூச்சிக்காக.

இன்னொரு நூலை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி வைத்தேன். காகிதம் எரியும் வாசனை, சாம்பல் ஊதினால் பறந்தது. பருத்தி. நைலான் என்றால் உருகி மணி மாதிரி இறுகிவிடும். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம். லேசின் நூலும் பருத்திதான். பழைய துணியைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாதவர்கள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கவே கூடாது.

அடுத்தது லேஸ். துணிக்கடைக்காரர்கள் இழை எண்ணப் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். குரோஷா என்றால் ஒரே நூல் வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி போட்டுக்கொண்டு போகும். இதில் வளையமே இல்லை. பல நூல்கள் ஒன்றையொன்று தாண்டி, முறுக்கி, சடை போட்டிருந்தன. அப்படியானால் தலையணை லேஸ். உருளையான கெட்டித் தலையணையின் மேல் புள்ளி குத்திய அட்டையை வைத்து, புள்ளிதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்தக் குச்சிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எனக்கே நினைவிருக்கிறது. அம்மா வீட்டுத் திண்ணையில் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பின்னுவார்கள். மழை ஓட்டில் விழுகிற மாதிரி கேட்கும்.

இந்தக் கைவேலை நாகர்கோவிலுக்கு வந்த கதை கல்யாண அலங்காரக் கதையைவிடக் கனமானது. லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819 கடைசியில் இங்கே வந்தார்கள். மார்த்தா மால்ட் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் 1820களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். விற்ற பணம் பள்ளிக்கும், பின்னிய பெண்களுக்கும். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனபோது லேசும் கூடவே போனது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அதே வருடங்களில் இங்கே வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? தோள்சீலைப் போராட்டம். மார்பை மூடித் துணி போட்டதற்காகப் பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்த காலம். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் எல்லாரும் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ள அனுமதித்து ஆணை போட்டது. வெள்ளைக்கார மணப்பெண்ணின் முகத்தை மூட லேஸ் பின்னிய கைகளுக்குத் தன் தோளை மூட உரிமை கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்த நெட்டை மடியில் வைத்துக்கொண்டு இதை நினைக்காமல் என்னால் ஊசி குத்த முடியவில்லை.

லேஸ் கைவேலை, நெட்டு மெஷின் வேலை. கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் தேன்கூடு மாதிரி ஆறு பக்கம். நேராக ஓடும் நூல்களைச் சாய்வாக ஓடும் நூல்கள் சுற்றிச் சுற்றிப் பிடித்திருக்கும். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற நைலான் நெட்டு வேறு ஜாதி, பனியன் மாதிரி வளையம் வளையமாகப் பின்னியது. பழைய வகை மெஷினுக்கு 1809இல் காப்புரிமை வாங்கியவர் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர். தலையணை லேஸ் பின்னும் பெண்களின் கைகளை உட்கார்ந்து கவனித்து, அந்த நூல் ஓட்டத்தை இரும்பில் செய்தார். 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள், பிழைப்பு போகிறதென்று மெஷின்களை உடைத்துத் திரிந்த தொழிலாளர்கள், புகுந்து 50க்கும் மேற்பட்ட மெஷின்களை உடைத்தார்கள். அவர் மூட்டை கட்டிக்கொண்டு டெவன் மாவட்டத்து டிவர்ட்டன் ஊருக்குப் போய்விட்டார். அதற்கு முன் இந்த வகை நெட்டும் கையால்தான் பின்ன வேண்டும், ஒவ்வொரு கண்ணியாக. ஒரு பெண்ணின் தலையை மூடும் அளவு நெட்டு என்பது பிரபுக்கள் வீட்டுச் சமாசாரம். மெஷின் வந்த பிறகுதான் சாதாரணப் பெண் தலையிலும் நெட்டு ஏறியது. அம்மாவின் தலை வரைக்கும்.

சரி, துவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் பழைய பருத்திக்கு ஆகாது. இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரி தண்ணி ஐந்து லிட்டர் கேன் ஆறு வாங்கினேன். கடைக்காரர், "அக்கா, எத்தனை இன்வெர்ட்டர் வச்சிருக்கீங்க?" என்றார். குண்டூசிகளை முதலில் எடுக்க வேண்டும். துருப்பிடித்ததை இழுத்தால் கண்ணியும் கூடவே வரும். ஊசியைத் திருகித் திருகித்தான் எடுத்தேன், பதினொன்றுக்கு ஒரு மணி நேரம். பிறகு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு வெள்ளைக் கொசுவலையை விரித்து, அதன் மேல் நெட்டை வைத்து, இன்னொரு மடிப்புக் கொசுவலையால் மூடினேன். நனைந்த நெட்டைக் கையால் தூக்கக் கூடாது. தண்ணீரின் கனமே கிழித்துவிடும். தூக்குவதெல்லாம் கொசுவலையைத்தான்.

முதல் அரை மணியில் தண்ணீர் சாயா ஆனது. இரண்டாவது தடவை கம்பளித் துணிக்கான திரவ சோப்பு ஒரு மூடி. கசக்கவில்லை, பிழியவில்லை, உள்ளங்கையால் மெல்ல அமுக்கி விட்டதோடு சரி. மூன்றாவது, நான்காவது வெறும் தண்ணீர். ஐந்தாவதில் கிட்டத்தட்டத் தெளிவு. பிளீச் பவுடர் பக்கமே போகவில்லை. அக்கா இரண்டு தடவை, "கொஞ்சூண்டு போட்டா பளிச்சுன்னு ஆயிடும்லா" என்றாள். பளிச்சென்று ஆகும், ஆறு மாதத்தில் மாவாகவும் ஆகும்.

என் முதல் தப்பு துருவில். எலுமிச்சைச் சாறு துருவை எடுக்கும் என்பது பாட்டி வைத்தியம், உண்மையும்தான். நெட்டின் ஒரு மூலையில் ஒரு கறையில் மட்டும் தடவிப் பார்த்தேன். கறை கரைந்தது. அலசத் தண்ணீர் விட்டதும் அந்த இடமே இல்லை, வட்டமாக ஓர் ஓட்டை. இரும்பு இத்தனை வருடமாக நூலை உள்ளுக்குள் அரித்துவிட்டிருந்தது. கறைதான் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. மற்ற பத்துக் கறையையும் தொடவில்லை.

நிழலில், விரித்த வேட்டியின் மேல் காயவைத்தேன். நிறம் தந்தம் மாதிரி வந்தது. எனக்கு அதுவே போதும்.

அடுத்த தப்பு இன்னும் பெரியது. ஓட்டைகளை அடைக்க உட்கார்ந்தேன். 100ஆம் நம்பர் பருத்தி நூல், மெல்லிய ஊசி, கீழே கறுப்புத் துணி. தேன்கூட்டின் ஒவ்வொரு சுவரையும் நூலால் திரும்ப வரைகிற வேலை. இரண்டு ரூபாய்க் காசு அளவு ஓட்டைக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. முடித்தபோது எனக்கே பெருமை. ஒட்டுப் போட்டது எங்கே என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. (அம்மாவுக்குக் கண்புரை. ஆனாலும்.) மறுநாள் காலையில் தூக்கிப் பார்த்தால் என் ஒட்டு அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி வட்டமாகப் பழைய நெட்டு கிழிந்து தொங்குகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் கடலுக்குப் போகிறவர். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துவது வழக்கம். நான் முகத்தைத் தொங்கப் போட்டிருந்ததைப் பார்த்து நெட்டைக் கையில் வாங்கினார். அவ்வளவு பெரிய கையில் அது சிலந்தி வலை மாதிரி இருந்தது. இரண்டு விரலால் ஒரு கண்ணியை இழுத்தார். பட்டென்று போனது. இன்னொன்று. அதுவும்.

"இத்துப்போன வலையில புது நூலு போட்டா, நூலு நிக்கும் தங்கச்சி, வலை நிக்காது. ஓட்டையைச் சுத்தி நல்ல கண்ணி வர்ற வரைக்கும் வெட்டணும். இதுல நல்ல கண்ணி எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. கண்ணாடியில் ஒரு மணி நேரம் பார்த்தபிறகு நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் லேஸ் நன்றாக இருந்தது. அதன் நூல் தடிமன், முறுக்கு அதிகம், சடை போட்ட இடங்களில் நான்கு நான்கு நூல் சேர்ந்து கனத்தைத் தாங்குகிறது. இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. துரு ஏறிய தலைப்பக்க நுனிகள் மட்டும் போச்சு.

அப்படியென்றால் லேசைப் பிரித்துப் புது நெட்டில் ஏற்ற வேண்டியதுதான். சொன்னதும் அக்கா அழுதேவிட்டாள், அம்மா நெட்டை வெட்டுவதா என்று. அவளைச் சமாதானப்படுத்த எனக்கு உதவியவர் விக்டோரியா மகாராணி. 1840 பிப்ரவரி 10ஆம் தேதி அவர் கட்டிய வெள்ளைச் சாட்டின் உடையும் ஹானிட்டன் லேசும்தான் உலகம் முழுக்க வெள்ளைக் கல்யாணத்தைப் பரப்பியது. அதற்கு முன் ராஜ குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் வெள்ளிச் சரிகைத் துணிதான் கட்டினார்கள். அந்த லேசை டெவன் கடலோரத்து பியர் என்ற சின்ன ஊரைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட பெண்கள் பல மாதம் பின்னினார்கள். வேலை முடிந்ததும் வடிவ அட்டைகளை அழித்துவிட்டார்கள், யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று. பூக்களைத் தனித்தனியாகக் கையால் பின்னி, மெஷின் நெட்டின் மேல் வைத்துத் தைத்த வேலை அது. ஹீத்கோட்டின் மெஷின் வயிற்றில் அடித்த அதே மாவட்டத்துப் பெண்கள், அந்த மெஷின் நெட்டையே அடித்துணியாக வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள்.

முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான். அந்த லேசை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. குடும்ப விசேஷங்களில் வேறு வேறு உடைகளில் ஏற்றிப் போட்டுக்கொண்டார். 1885இல் கடைசி மகள் பியாட்ரிஸின் கல்யாணத்துக்குத் தன் நெட்டையே கொடுத்தார். 1897 வைர விழாவுக்கு வெளியிட்ட அதிகாரபூர்வப் படத்திலும் அதே நெட்டுத்தான் தலையில். 1901இல் இறந்தபோது முகத்தின் மேல் அதைப் போட்டே அடக்கம் செய்தார்கள். லேஸ் என்றாலே அன்றைக்கு அப்படித்தான். துணி மாறும், லேஸ் இடம் மாறும். நகை மாதிரி. தாலியைப் புதுச் சங்கிலியில் கோத்தால் தாலி மாறிவிடுமா என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். கத்தரிக்கோலையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பிரிக்கும்போது லேசின் பக்கம் கத்தி போகக் கூடாது. பழைய தையலை நெட்டின் பக்கத்திலிருந்து மூன்று தையலுக்கு ஒன்று வெட்டி, இடையில் இருப்பதை உருவினேன். இரண்டு நுனியிலும் துருப்பிடித்த 25 சென்டிமீட்டர் போக, 5.2 மீட்டர் ஒரே துண்டாகக் கிடைத்தது. மேலிருந்து கீழ் வரை முடிச்சே தெரியவில்லை. யார் பின்னியதோ.

புது நெட்டு வாங்கத்தான் அலைந்தேன். உள்ளூரில் நைலான் மட்டுமே. நைலானில் பருத்தி லேஸ் ஏற்றலாம், ஆனால் லேசுக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரி போட்டால் நெட்டு உருகும், நெட்டுக்கு வேண்டிய சூட்டில் லேஸ் படியாது. கடைசியில் சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பருத்தி நெட்டு நான்கு மீட்டர் கிடைத்தது, விலையை அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. நிறம் பளீர் வெள்ளை. தேயிலைச் சாயத்தில் முக்கித் தந்த நிறத்துக்குக் கொண்டுவந்தேன். நான்கு துண்டு வெட்டி இரண்டு, நான்கு, ஆறு, பத்து நிமிடம் போட்டுப் பார்த்ததில் நான்கு நிமிடம் சரியாக வந்தது.

புது நெட்டின் நீளம் 3 மீட்டர், அகலம் 1.5. மூன்று ஓரத்துக்கும் லேஸ் வைக்க 7.5 மீட்டர் வேண்டும். என்னிடம் 5.2. குறைகிறதை மெஷின் லேஸ் வைத்து நிரப்பலாம் என்றார்கள். பழைய கைவேலைக்குப் பக்கத்தில் அது பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும். அகலப் பக்கம் 1.5, அதிலிருந்து இரண்டு ஓரமும் மேலே 1.85 வீதம் ஏற்றினால் சரியாக 5.2 வருகிறது. அதாவது முதுகுக்குக் கீழே இருந்துதான் லேஸ், தலைப்பக்கம் வெறும் நெட்டு. பார்வைக்கு இதுதான் நன்றாகவும் இருந்தது, முகத்துக்குப் பக்கத்தில் கூட்டம் இல்லை.

தைப்பதற்கு முன் பெரிய பெரிய தையலாக ஓட்டி நிறுத்தினேன். இரண்டு மூலையிலும் லேசைச் சுருக்கிச் சுருக்கித் திருப்ப வேண்டும், இழுத்துத் திருப்பினால் மூலை சுருண்டுகொள்ளும். பிறகு இரண்டு கண்ணிக்கு ஒரு தையல். நூலை இறுக்கவில்லை. பழையதைவிடத் தையல் பலமாக இருந்தால், இழுபடும்போது பழையதுதான் கிழியும் என்று ஒரு தடவை பட்டது போதும். அரை மணிக்கு 20 சென்டிமீட்டர்தான் போனது. மொத்தம் பதின்மூன்று மணி நேரம், ஆறு சாயங்காலம்.

நடுவில் அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். "சித்தி, முன்னாடி முகத்தையும் மூடணுமா?"

அதற்கு நீளமாக ஒரு பாடமே எடுத்தேன், பாவம். ரோமாபுரியில் மணப்பெண்ணின் முக்காடு வெள்ளையே இல்லை. தீச்சுடர் நிறம், பெயர் ஃப்ளம்மியம். பெண் கல்யாணம் செய்துகொள்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லை முக்காடு போடுவதோடு சேர்த்தே அவர்கள் புரிந்துகொண்டார்கள். பைபிளில் ஆதியாகமத்தில் ரெபெக்காள் தூரத்தில் ஈசாக்கைக் கண்டதும் ஒட்டகத்திலிருந்து இறங்கி முக்காடிட்டுக்கொண்டாள். அவள் மகன் யாக்கோபு விடிந்த பிறகுதான் பார்த்தான், ராகேலுக்குப் பதில் லேயாளைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று. மாமனார் ஏமாற்றாமல் இருக்கத்தான் பீடத்தில் முகத்தைத் திறந்து காட்டுகிறார்கள் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அவள் சிரித்துவிட்டு, "அவரு ரெண்டு வருஷமா வீடியோ கால்ல பார்த்துட்டுதான் இருக்காரு, மூட வேண்டாம்" என்றாள். எனக்கும் நெட்டு மிச்சம்.

இனி தோகை.

அவள் கேட்டது ஐந்து மீட்டர். போனில் டயானாவின் படத்தை அனுப்பி வைத்தாள். 1981இல் டயானாவின் தோகை 25 அடி. செயின்ட் பால் பேராலயத்தின் நடைபாதையில் அது அழகு. எங்கள் கோயிலில் அவள் பீடத்தில் நிற்கும்போது நுனி பாதி வழியில் யாருடைய செருப்புக்கடியிலாவது இருக்கும். நீளம் என்பது துணியின் அளவு மட்டும் இல்லை. துணியைத் தரையில் தேய விடலாம், எனக்கு இன்னொன்று இருக்கிறது, தூக்கிக்கொண்டு வர ஆளும் இருக்கிறது என்று சொல்வதுதான் தோகை. இங்கிலாந்து அரண்மனையில் ராணிக்கு முன்னால் நிற்கப் போகும் பெண்ணுக்கு விக்டோரியா காலத்தில் மூன்று கஜம் தோகை கட்டாயம். முதல் உலகப் போருக்குப் பிறகு அதையே குதிகாலுக்குப் பின்னால் 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று சுருக்கினார்கள். விக்டோரியாவின் கல்யாணத் தோகைக்குப் பன்னிரண்டு தோழிகள். அத்தனை பேர் பிடிக்கத் தோகையில் இடம் போதவில்லை. ஒருவர் குதிகாலை ஒருவர் மிதித்துக்கொண்டு நெருக்கியடித்துப் போனதாகத் தோழி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். எங்களிடம் இருப்பது அக்கா பேத்தி முறையில் இரண்டு வாண்டுகள், வயது ஐந்தும் ஆறும். இரண்டு பேர் தூக்கக்கூடியதுதான் தைக்க முடியும்.

இடுப்பிலிருந்து நுனி வரை 2.6 மீட்டர் என்று பேரம் முடிந்தது. அதில் தரையில் கிடப்பது சுமார் ஒன்றரை மீட்டர். மேலே 60 சென்டிமீட்டர் அகலம், கீழே 1.6, நுனி வளைவு. துணி தந்த நிறப் பட்டுச் சாட்டின், உள்ளே மல் துணி. விறைப்பான டஃபெட்டாத் துணி வேண்டாம் என்றதற்குக் காரணமும் டயானாதான். அவரும் அப்பாவும் கண்ணாடிக் கோச்சு வண்டிக்குள் ஏற, அவ்வளவு பட்டு டஃபெட்டாவையும் உள்ளே திணித்தார்கள். இறங்கும்போது உலகமே அந்தக் கசங்கலைப் பார்த்தது. டஃபெட்டா ஒரு தடவை மடிந்தால் மடிந்ததுதான்.

நேர் இழையை நடுவில் வைத்து வெட்டினேன். அப்போது இரண்டு ஓரமும் இழைக்குச் சாய்வாக வரும், தொங்கத் தொங்க நீளும். அதனால் ஓரம் மடிக்காமல் இரண்டு ராத்திரி கதவில் மாட்டி வைத்தேன். இடப்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதைச் சமமாக வெட்டிய பிறகுதான் ஓரத் தையல்.

கவுன் என்றால் இடுப்புத் தையலில் கோத்துவிடலாம். இவள் கட்டுவது புடவை. பட்டுப் புடவையில் அரைக் கிலோவுக்கு மேல் கனத்தைத் தொங்கவிட்டால் கொசுவமே உருவி வந்துவிடும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வழி நகைப்பெட்டியில் இருந்தது, ஒட்டியாணம். புடவைத் துணியிலேயே மூன்று விரல் அகலப் பட்டி தைத்து, உள்ளே தடித்த நாடா வைத்து, இடுப்புக்கு மேல் இறுக்கிப் போடும்படி செய்தேன். பட்டியின் பின்பக்கம் எட்டுக் கொக்கி, தோகையின் மேல் விளிம்பில் எட்டு வளையம். கனம் இடுப்பெலும்பில் இறங்கும், புடவைக்கு ஒன்றும் தெரியாது. பொருத்திய இடத்தை இடப்பக்கம் முந்தியும் மீதியை நெட்டும் மறைத்துவிடும். சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்ததும் கழற்றிவிடலாம்.

கோயிலில் ஒத்திகை பார்த்தோம், பழைய பெட்ஷீட்டை அதே அளவில் வெட்டிக் கட்டிக்கொண்டு. நல்லதாயிற்று. நடைபாதையில் கயிற்றுப்பாய். சொரசொரவென்று நார் நீட்டிக்கொண்டு. நான்கு அடி நடப்பதற்குள் பெட்ஷீட்டின் அடியில் நார் சிக்கி இழுத்தது. அங்கேதான் பழைய காலத்து ஐரோப்பியத் தையல்காரிகள் நினைவுக்கு வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீண்ட பாவாடைகளின் அடியில், வெளியே தெரியாமல், கொசுவம் வைத்த ஒரு பட்டையைத் தைத்திருப்பார்கள். பெயர் பலேயூஸ், பிரெஞ்சில் 'பெருக்குகிறவள்'. அழுக்கை அது வாங்கிக்கொள்ளும், தனியாகக் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். நானும் கெட்டியான மல் துணியில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒன்று வைத்தேன், பட்டன் போட்டு. நெட்டின் நீளத்தையும் கொஞ்சம் யோசித்தேன். தலையிலிருந்து தொங்கினால் லேஸ் முழுவதும் தோகையின் மேலேயே கிடக்கிறது, பாயைத் தொடவில்லை. அதற்காகவே தோகையின் நுனியை நெட்டின் நுனியைவிடக் கொஞ்சம் தள்ளி விட்டிருந்தேன் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது தற்செயல்.

பாக்கி ஒன்றுதான், காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று செப்டம்பரிலும் ஓயாது, காற்றாலைக்காரர்களுக்கு மட்டும்தான் அதில் சந்தோஷம். வலை பொத்தும் அண்ணன், "நாலு ஈயக்குண்டு கட்டிவிடு" என்றார். வலைக்குச் சரி, நெட்டில் ஈயம் கறுப்பாகத் தேயும். பதிலுக்கு இரண்டு மூலையிலும் லேசின் சடை சேரும் இடமாகப் பார்த்து, பொடிக் கண்ணாடி முத்து பன்னிரண்டு பன்னிரண்டாகத் தைத்தேன். நெட்டில் தைத்தால் தொய்யும்.

கல்யாணத்தன்று தோகையை மடிக்கவில்லை. துணிக்கடையில் வாங்கிய அட்டைக் குழாயில் சுற்றி, காரின் பின் சீட்டில் குறுக்கே வைத்துக் கொண்டுபோய், கோயில் வாசலில் வைத்துத்தான் கொக்கி மாட்டினேன். எட்டில் ஏழு மாட்டியது. எட்டாவதை நானே தலைகீழாகத் தைத்திருந்தேன். ஊக்கு. படியில் காற்று அடித்து நெட்டின் நடுப்பகுதி பாய்மரம் மாதிரி உப்பியது, மூலைகள் இரண்டும் இறங்கியே இருந்தன. ஐந்து வயது வாண்டு பாதி வழியில் தோகையைப் போட்டுவிட்டு அம்மாவைத் தேடிப் போய்விட்டது. ஆறு வயதுக்காரி இரண்டு முனையையும் தன் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பீடம் வரை வந்தாள். முன் வரிசையில் அம்மா பெண்ணைப் பார்க்கவில்லை, லேசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கணக்குப் பார்த்தேன். லேசில் ஒரு நூலும் போகவில்லை. பெருக்குகிறவளில் கயிற்று நார் ஒரு கைப்பிடி. தோகையின் இடது ஓரத்தில் மெழுகுவர்த்தி சொட்டியது மூன்று துளி. ஐஸ் கட்டி வைத்து இறுக்கிச் சுரண்டி, இரண்டு பிரவுன் பேப்பருக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். இரண்டு போய்விட்டது, ஒன்று சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. நெட்டைக் கஞ்சி போடாமல் அலசி, அட்டைக் குழாயின் மேல் அலுமினியத் தாள் சுற்றி, அதன் மேல் துவைத்த வேட்டி சுற்றி, அதன் மேல் நெட்டை உருட்டி வைத்திருக்கிறேன். குண்டூசி ஒன்றுகூட இல்லை, இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். பழைய நெட்டை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா அதை மடித்துத் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள், நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அடைத்த அந்த இரண்டு ரூபாய் அளவு ஒட்டோடு சேர்த்து.